ஜோடி பார்த்தவர்

காட்பாடி ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். தோல் கம்பெனி, ஷூ கம்பெனி, லாட்ஜ், பள்ளிக்கூடம் என்று யார் கேட்டு வந்தாலும் இணையதளம் செய்து கொடுப்போம். நான் சொல்லப்போகிற பெண் சோதனை பார்க்கிற வேலைக்கு நேர்காணலுக்கு வந்த அன்று, நான் ஆசை ஆசையாக முடித்து வைத்திருந்த ஒரு பிரியாணிக் கடையின் தளத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, "எதனா தப்பு இருந்தா கண்டுபுடிங்க பார்க்கலாம்" என்றேன். ஒன்றும் அகப்படாது என்ற திமிர்தான்.

அவர் ஒவ்வொரு கிளையின் பக்கமாகப் போனார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"சார், இங்க 'வார விடுமுறை'ன்னு போட்டு ரெண்டு புள்ளி வச்சிருக்கீங்க. பக்கத்துல ஒண்ணும் இல்லியே."

"அந்தக் கிளைக்கு லீவே கிடையாது மேடம். ஏழு நாளும் உண்டு."

"அப்ப அந்த ரெண்டு புள்ளி இன்னாத்துக்கு சார் நிக்குது? யாருக்காக வெயிட் பண்ணுது?"

முதலாளி சிரித்துவிட்டார். அன்றைக்கே வேலை உறுதியாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனபிறகு அந்த இரண்டு புள்ளிகளை எடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் போன் செய்ய வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு ஏழு வருஷமாக வரவில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் புரியாது. யாராவது திறக்கும்போது அந்த நேரத்துக்குச் சமைத்துத் தருகிற தளங்கள் இல்லை நாங்கள் செய்தவை. எல்லாப் பக்கங்களையும் முன்னாலேயே தயார் செய்து அடுக்கி வைத்துவிடுவோம். அதற்கு ஒரு டெம்ப்ளேட் எழுதுவோம். நிரப்பாத விண்ணப்பப் படிவம் மாதிரி அது. பெயருக்கு ஓர் இடம், ஊருக்கு ஓர் இடம், படத்துக்கு ஓர் இடம். விவரங்களை ஒரு கோப்பில் கொடுத்தால், மென்பொருள் அந்தப் படிவத்தை நிரப்பி நூறு பக்கமோ ஆயிரம் பக்கமோ தள்ளிவிடும். படிவத்தில் ஒரு தப்பு இருந்தால் ஆயிரம் பக்கத்திலும் அது இருக்கும்.

ஆயிரம் பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அவர் சோதனைகள் எழுதுவார். கற்பனையாகச் சில விவரங்களைக் கொடுத்து, அதிலிருந்து வரும் பக்கம் சரிதானா என்று ஒருமுறை பார்த்து ஒப்புக்கொண்டு, அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார். அதற்குப் பிறகு நாங்கள் டெம்ப்ளேட்டில் கை வைக்கும்போதெல்லாம், கணினியே புதுப் பக்கத்தை அந்தப் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சிவப்பு.

அந்தக் கற்பனை ஆட்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதில் மூன்று இனிஷியலோடு இரண்டு வரிக்கு ஓடும் பெயர் கொண்ட ஒரு தாத்தா உண்டு. நான்கு போன் நம்பர் வைத்திருக்கும் ஒரு வியாபாரி உண்டு. உருதுவில் மட்டும் பெயர் எழுதுகிற ஒரு பள்ளிவாசல் ஹஜ்ரத் உண்டு. கடைசியாக ஒரு பெண். அவருக்குப் பெயர் மட்டும்தான் இருக்கும். வேறு எதுவும் இருக்காது. ஆபீசில் எல்லோரும் அந்தப் பெண்ணை 'ஒருத்தி' என்றே சொல்லுவோம்.

"மேடம், உங்க ஒருத்திக்கு எந்த ஊரு?" என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பேன்.

"ஊரு இல்ல சார். போன் இல்ல, போட்டோ இல்ல, அப்பா பேரு இல்ல. எதுவும் இல்லாம இருக்கறதுதான் அவங்க வேலை. ஆனா பக்கம் மட்டும் வந்துடணும்."

புதிதாக எதைச் செய்து காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அது இல்லைன்னா?" படம் இல்லைன்னா? பின்கோடு இல்லைன்னா? ஒரு தோல் கம்பெனிக்காரர் தன் மூன்று மகன்களின் படத்தையும் முகப்பில் போடச் சொன்னார். நான் மூன்று கட்டம் போட்டேன். "ஒரு பையன் சண்டை போட்டுகினு தனியா போய்ட்டார்னா?" என்றார். அவர் சொன்னபடி மாற்றி வைத்தேன். அடுத்த மாதமே அப்படி நடந்தது. நடுவில் ஒரு கட்டம் காலியாக நிற்காமல் மற்ற இரண்டு படங்களும் தாமாகவே நெருங்கி நின்றுகொண்டன. தோல் கம்பெனிக்காரர் என்னைப் பாராட்டினார். நானும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்படி எதற்கெடுத்தாலும் 'இல்லைன்னா' என்று கேட்கிற பெண்ணுக்கு வாழ்க்கையில் ஏதோ பெரிய இல்லாமை இருந்திருக்க வேண்டும் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். சின்ன வயதில் அப்பா விட்டுவிட்டுப் போயிருப்பார் என்பதுவரை போய்விட்டேன். ஒரு நாள் கண் பரிசோதனைக்காக வேலூர் வந்த அவருடைய அப்பா ஆபீசுக்கே ஏறி வந்தார். தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் கல்லு மாதிரி இருந்தார். மூன்று மாடி ஏறி வந்த வேகத்தில், ஏன் லிஃப்ட் போடவில்லை என்று முதலாளியையே பிடித்துக்கொண்டார்.

"சின்னதுலேர்ந்தே இவ இப்படித்தான் சார், தொந்தரவு ஜாஸ்தி" என்று என்னிடம் புகார் சொன்னார். "பரீட்சைக்கு மூணு பேனா எடுத்துட்டுப் போவா. மூணும் எழுதலைன்னா இன்னா பண்றதுன்னு என்னைக் கேப்பா. நான் இன்னா சார் பதில் சொல்றது?"

மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் கதை அன்றோடு தீர்ந்தது. அவர் அப்படிப்பட்டவர், அவ்வளவுதான். சிலருக்கு இனிப்பு பிடிக்கிற மாதிரி, அவருக்குக் காலி இடம் முதலில் கண்ணில் பட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எல்லாச் சோதனையும் பச்சையாக இருக்கும். நாங்கள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு டீக்குக் கிளம்புவோம். அவர் மட்டும் டெம்ப்ளேட்டைத் திறந்து, வேண்டுமென்றே ஓர் எழுத்தைக் கெடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். எல்லாம் சிவந்தால்தான் திருப்தி.

"நல்லா இருக்கறத ஏன் கெடுக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முழிச்சிட்டிருக்கா தூங்குதான்னு பாக்கணும்ல சார். தூங்கறவனும் ஒண்ணும் சொல்லமாட்டான், எல்லாம் சரியா இருந்தாலும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் கம்ப்யூட்டர் படித்தவர். ஷூவை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்குமாம். இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் ஒன்று ஒரு நூல் உயரம் என்று தெரியுமாம். அங்கே கற்றதை இங்கே சட்டமாக்கிவிட்டார். எடுத்து வைத்த பக்கம் எதையாவது மாற்ற வேண்டி வந்தால், இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் பழைய பக்கத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் புதுப் பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். மாற்றம் வருமிடத்தில் நிறுத்தி, இது நாம் கேட்ட மாற்றம்தானா என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் ஜோடி பார்ப்பது. "வாங்க சார், ஜோடி பார்த்துடலாம்" என்று அவர் முதல்முறை கூப்பிட்டபோது, வாசலில் நின்றிருந்த கூரியர்காரர் எங்களைத் திருமணத் தகவல் மையம் என்று நினைத்துவிட்டார்.

பெரும்பாலும் என்னோடுதான் ஜோடி பார்ப்பார். நான் படிப்பேன், அவர் விரல் வைப்பார். எனக்குப் பொறுமை கிடையாது. பாதியில் கொட்டாவி விடுவேன், இரண்டு வரியைத் தாண்டிப் படிப்பேன். உடனே விரல் நின்றுவிடும். "சார், பஸ்ஸு ரெண்டு ஸ்டாப்ல நிக்கல" என்பார். கோபமே படமாட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் ஓர் அறக்கட்டளையின் தளம் எங்களிடம் இருந்தது. கிராமத்துப் பெண்களுக்கு நர்சிங் படிப்பில் இலவச இடம் கொடுக்கிறவர்கள். நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும், முப்பது பேரைத்தான் எடுப்பார்கள். பட்டியல் தளத்தில் மட்டும்தான் வெளியாகும். கடிதம் போடமாட்டார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டுப் பத்து நாளைக்குள் நேரில் வந்து சேர வேண்டும்.

பட்டியல் வெளியாக வேண்டிய சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தங்கைக்கு நிக்காஹ். அவர் வியாழக்கிழமையே லீவில் போய்விட்டார். போவதற்குமுன் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். எல்லாம் பச்சை. எனக்கு ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை மட்டும்தான் பாக்கி.

சனிக்கிழமை மதியம் அறக்கட்டளைச் செயலாளர் போன் செய்தார். ஒரே பெயரில் இரண்டு மூன்று பெண்கள் இருக்கிறார்கள், குழப்பம் வரும், அதனால் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அப்பா பெயரைச் சின்னதாகப் போடுங்கள் என்றார். நியாயமான பேச்சு. ஐந்து நிமிஷ வேலை. அப்பா பெயர் இருந்தால் காட்டு என்று ஒரு நிபந்தனை எழுத வேண்டும். அந்த நிபந்தனை, பெயருக்குக் கீழே வரும் அந்தச் சின்ன வரியை மட்டும் சுற்றி நிற்க வேண்டும். நான் அவசரத்தில் ஆளையே சுற்றி வைத்துவிட்டேன். அப்பா பெயர் இல்லாத ஆள் பட்டியலிலேயே வரமாட்டார் என்று ஆகிவிட்டது.

சோதனையை ஓட்டினேன். நாற்பதுக்கு மேல் சிவப்பு. பக்கமே மாறியிருக்கிறது, சிவக்கத்தானே செய்யும் என்று எனக்குத் தோன்றியது. முதல் மூன்றைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் புதிதாக வந்திருந்தது அப்பா பெயர் மட்டும்தான். மீதியும் அதேதான் என்று முடிவு கட்டினேன். எங்கள் கருவியில் ஒரு கட்டளை உண்டு. வந்திருக்கிற எல்லாப் புதுப் பக்கங்களையும் இனிமேல் இவைதான் சரி என்று ஒரே அடியில் ஏற்றுக்கொண்டுவிடும். அந்தக் கட்டளையை அடித்தேன். மறுபடி ஓட்டினேன். எல்லாம் பச்சை. தப்பாக எழுதிவிட்டு, அந்தத் தப்பையே விடைத்தாளாகவும் எடுத்து வைத்துவிட்டேன்.

பட்டியல் வெளியானது. செயலாளர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று செய்தி அனுப்பினார். வரிசை எண் தானாக ஓடுகிற பட்டியல் அது. இருபத்தொன்பதில் முடிந்தது. நடுவில் எங்கேயும் ஓட்டை தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து, கல்யாண வீட்டிலிருந்து அவர் போன் செய்தார். பின்னால் பந்தல் போடுகிற சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்டது.

"சார், லிஸ்ட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு மேடம். கல்யாண வீட்ல இருந்துகினு இது எதுக்கு உங்களுக்கு?"

"கடைசி நேரத்துல எதனா மாத்தினீங்களா?"

"அப்பா பேரு சேர்த்தோம். அவ்ளோதான். எல்லாம் பச்சை."

"ஜோடி பார்த்தீங்களா சார்?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. நீங்க போய் கல்யாண வேலையப் பாருங்க."

ஆபீசில் அப்போது என்னைத் தவிர ஆளே இல்லை. முதலாளி ராணிப்பேட்டையில் யாரையோ பார்க்கப் போயிருந்தார்.

மறுநாள் ஆம்பூர் போய் நிக்காஹில் கலந்துகொண்டேன். என் தட்டில் அவரே வந்து பிரியாணி வைத்தார், தால்ச்சா ஊற்றினார், "வெக்கப்படாதீங்க சார்" என்று இன்னொரு துண்டு கறி வைத்தார். நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். "சார், அந்த லிஸ்ட்டு பக்கத்த ஒருதபா நான் பார்த்துடட்டுமா?" என்றார்.

"முடிஞ்ச வேலைய ஏன் மேடம் நோண்டறீங்க? நான் பார்த்தா பார்த்த மாதிரி இல்லியா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துபோய், "இல்ல சார், சும்மாதான் கேட்டேன்" என்று தன் இடத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து முதலாளி அவரை ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியின் வேலையில் போட்டுவிட்டார். அறக்கட்டளைத் தளத்தை மூன்று வாரம் யாரும் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து விடுதி விவரம் சேர்ப்பதற்காக அதைத் திறந்தோம். அவர் வழக்கம்போல முதலில் டெம்ப்ளேட்டில் பெயர் வருமிடத்தில் ஓர் எழுத்தைக் கெடுத்துவிட்டு ஓட்டினார். எல்லாச் சோதனையும் சிவந்தது, ஒன்றைத் தவிர. 'ஒருத்தி' மட்டும் பச்சையாகவே இருந்தாள்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க."

எடுத்து வைத்த பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். மேலே 'தேர்வானவர்கள்' என்று தலைப்பு இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

"இந்தம்மா எங்க சார்?"

இந்தப் பக்கத்தைச் சரி என்று ஒப்புக்கொண்டது யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கணினியில் பதிவாகியிருக்கும். அவர் அதையும் திறந்து பார்த்தார். என் பெயர் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறக்கட்டளை கொடுத்த உண்மையான விவரக் கோப்பைத் திறந்து, அப்பா பெயர் இருக்கும் பத்தியில் மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டு வந்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. கலவை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண்.

செயலாளருக்குப் போன் செய்தோம். சேர வேண்டிய தேதி முடிந்து பல நாளாகிவிட்டது. "வரலைன்னா வேணாம்னுதானே நெனைப்போம்? காத்திருப்புல இருந்த அடுத்த பொண்ணுக்குக் குடுத்துட்டோம். கிளாஸே ஆரம்பிச்சிடுச்சு. அவகிட்டேர்ந்து எப்படிப் புடுங்கறது?" என்றார். அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்.

"போன்ல சொல்லிடலாம்" என்றேன் நான்.

"நேர்ல போகணும் சார்" என்றார் அவர்.

ஆற்காடு போய், அங்கிருந்து கலவை பஸ் பிடித்து, பிறகு ஷேர் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் பெண்ணின் அம்மா மட்டும் இருந்தார். மகள் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறதாம், கம்பெனி பஸ் சாயங்காலம்தான் வருமாம். எதற்காக வந்திருக்கிறோம் என்று அந்த அம்மா கேட்டார். அவர் கேட்க நாங்கள் சொன்னோம் என்று எழுதிவிடலாம், ஆனால் நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னது என்னோடு வந்தவர்தான்.

"தப்பு எங்களோடதும்மா. கம்ப்யூட்டர்ல நாங்க சரியா பாக்கல. அப்பா பேரு போடாதவங்க பேரு லிஸ்ட்டுல வராத மாதிரி ஆயிடுச்சு."

எங்களோடது என்றார். என்னோடது என்று சொல்ல வேண்டியவன் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த ஆளு பேர நான்தான் போடக்கூடாதுன்னேன்" என்றார். "விட்டுட்டுப் போனவன் பேரு எதுக்குன்னு சொல்லிட்டேன். அதாலதான் போச்சு, உன்னாலதான் போச்சுன்னு அவ என்கூட பேசறதே இல்லம்மா. மூணு வாரமாச்சு. சோத்தைப் போட்டு வச்சா தின்னுட்டு தட்டக் கழுவிட்டுப் போயிடுவா."

சாயங்காலம் பெண் வந்தாள். கையில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. எங்களைப் பார்த்துப் பயந்துபோய் நின்றாள். என்னோடு வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

"நாலு தபா பார்த்தேன்க்கா" என்றாள் அந்தப் பெண். "மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. எல்லார் பேருக்கும் அடியில அப்பா பேரு இருந்துச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

பிறகு, "அப்ப நான் செலக்ட் ஆயிருந்தேனாக்கா?" என்று கேட்டாள்.

"ஆயிருந்தேம்மா. ஏழாவது பேரு உன்னுதுதான்."

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அந்தப் பெண்ணும் உள்ளே ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் வெயில் தணிந்த தெருவில் நின்றோம், பிறகு ஆட்டோ பிடிக்க நடந்தோம்.

ஆபீசில் முதலாளி கூப்பிட்டுக் கேட்டார், யார் பார்க்காமல் விட்டது என்று. "ரெண்டு பேருந்தான் சார்" என்றார் அவர். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி இரண்டு பேரையும் திட்டினார். பாதித் திட்டு அவருக்குப் போயிற்று. அதை நான் என் காதால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு சண்டை போடவில்லை, பேச்சைக் குறைக்கவில்லை. டீ வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைப்பார். ஒன்று மட்டும் நின்றுவிட்டது. என்னை ஜோடி பார்க்கக் கூப்பிடவில்லை. வேறு யாரையும் கூப்பிடவில்லை. பழைய பக்கத்தைத் தானே படிப்பார், பிறகு புதுப் பக்கத்தையும் தானே படிப்பார். மெல்லிய குரலில் ஒரு வரி இது, ஒரு வரி அது. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே நான் வேலை செய்தேன். நானாக எழுந்து போய், "குடுங்க, நான் படிக்கறேன்" என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாள் நாற்காலியைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். எழுந்ததில்லை.

அடுத்த வருஷம் அறக்கட்டளை விண்ணப்பம் வெளியானதும் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கலவை போனார். படிவத்தை அவரே நிரப்பிக்கொண்டு போயிருந்தார். அந்தப் பெண் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாளாம். "இன்னொரு தபா லிஸ்ட்டுல என் பேரத் தேட என்னால முடியாதுக்கா" என்றாளாம். திங்கட்கிழமை இதை என்னிடம் சொல்லிவிட்டு அந்தப் படிவத்தைக் கிழிக்காமல் மேஜை டிராயரில் வைத்தார்.

அந்த மாதமே அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கடைசி நாள் நான் காட்பாடி ஸ்டேஷன் வரைக்கும் அவரோடு போனேன். ஆம்பூர் போகிற வண்டிக்கு நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் கூட்டம் இல்லை. வண்டி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"மேடம், அன்னிக்கு நீங்க போன் பண்ணப்ப நான் ஜோடி பார்த்தேன்னு சொன்னேன் இல்ல? நான் பாக்கல."

"தெரியும் சார்" என்றார்.

"கம்ப்யூட்டர்ல என் பேரப் பார்த்தப்ப தெரிஞ்சுதா?"

"இல்ல சார். போன்லயே தெரியும். ஜோடி பார்த்தவங்க அவ்ளோ சீக்கிரம் பதில் சொல்லமாட்டாங்க."

தெரிந்துதான் மறுநாள் என் தட்டில் கறி வைத்தாரா? தெரிந்துதான் செவ்வாய்க்கிழமை வந்து அவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டாரா? அன்றைக்குப் பட்டியல் வந்து மூன்றே நாள். சேர்வதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவர் ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் போதும்.

"அப்புறம் ஏன் மேடம் விட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எல்லார் முன்னாடியும் நீங்க அப்படிக் கேட்டீங்க. மேல பேசினா உங்களுக்கு அசிங்கமாயிடும்னு விட்டுட்டேன் சார். அப்ப உங்க மொகம்தான் எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு மொகம் எனக்குத் தெரியல."